இடது கையின் நான்கு விரல்கள்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துவிட்டதால் அல்ல. ஒரு காலை வேளையில், நான்கு பேர் அமர்ந்திருந்த ஓர் அறையில், அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு வேலையும் குடியிருக்க ஒரு வீடும் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் எழுந்து போன ஒருவரின் பெயரை, அவரைக் கேட்காமல் அச்சில் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் விடும் கொட்டகை ஒன்றை அவர் நடத்திவந்தார். ஐம்பது வயதுக்குச் சற்றுக் குறைவு. மெலிந்த உடல், காதுகளை மூடிய கம்பளிக் குல்லா, ஒரு கால்சட்டைக் காலை மட்டும் சங்கிலியில் மாட்டாதிருக்க மடித்துவிட்டிருப்பார். மணமாகாதவர். கொட்டகைக்குப் பின்புறம் இருந்த சிறிய அறையே அவர் வீடு. ஊரில் எல்லாரும் அவரைச் சைக்கிள்காரர் என்றார்கள். தேவாலயப் பாட்டுக்குழுவினர் சிலர் மட்டும் மாஸ்டர் என்றார்கள். நான் அவரை எதுவும் சொல்லி அழைத்ததில்லை. 'வாங்க', 'உட்காருங்க', 'சரி' என்ற சொற்களைக் கொண்டே ஒரு மனிதரோடு ஆறு மாதம் பழகிவிட முடியும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

முதன்முதலில் நான் கேட்டது அவருடைய வாசிப்பை அல்ல, அவருடைய பிழையை. அன்று ஏரி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி. சுற்றுலா வந்தவர் ஒருவரும் இல்லை. என் வழக்கமான காலை நடையில் கொட்டகையைக் கடந்தபோது, வரிசையாக நின்ற சைக்கிள்களுக்குப் பின்னாலிருந்து கிட்டார் ஒலித்தது. நடுவில் ஒரு சுரம் பிசகியது. பிசகிய மறுகணம், கூவி விற்பவர் குரலில், "தப்பு!" என்று ஒரு சத்தம். மீண்டும் அதே இடம், அதே பிசகு, முன்னைவிடப் பலமாக. "மறுபடி தப்பு!" மூன்றாம் முறை சரியாக வந்தது. அவர் வாசித்துக்கொண்டே போனார்.

நான் நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் இசை அல்ல.

முப்பத்தைந்து ஆண்டுகள் சமவெளியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பயிற்றுவித்து, அதன் முதல்வராக ஓய்வு பெற்றவன் நான். ஒருமுறை முதுநிலை வகுப்பில், கரும்பலகையில் ஒரு சமன்பாட்டின் குறியை மாற்றி எழுதிவிட்டேன். மூன்று வரி தாண்டியதும் எனக்கே அது தெரிந்தது. மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மணியடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. "மிச்சத்தை நீங்களே முடிச்சுட்டு வாங்க" என்று சொல்லிப் பலகையைத் துடைத்துவிட்டேன். அந்தப் பிழையை வகுப்பு முழுவதும் வீட்டுக்கு எடுத்துச் சென்றது. மறுநாள் ஒருவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு, பனிக்குள் ஒரு குரல் தன் பிழையைத் தானே கூவியபோது, அந்தப் பலகைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கிட்டார் ஆசைக்கு நான் கூறக்கூடிய காரணம் ஒன்றுதான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சுரமானி என்றொரு மரப்பெட்டி உண்டு. அதன் மேல் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, எடை தொங்கவிட்டு, கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிக்கும் என்று காட்டுவோம். ஆண்டுதோறும் காட்டினேன். அந்தக் கம்பியிலிருந்து ஒரு பாட்டின் முதல் அடிகூட எழுந்ததில்லை. அறுபத்தெட்டாம் வயதில், ஒருவருக்கும் சொல்லாமல், திண்டுக்கல்லில் ஒரு கிட்டார் வாங்கிப் போர்வையில் சுற்றிக் காரின் பின்னிருக்கையில் கிடத்தி மலையேற்றினேன். விதி எனக்குத் தெரியும். விரல்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

மறுவாரம் கொட்டகைக்குச் சென்று, "கிட்டார் கத்துக்கணும்னு ஒருத்தர் இருக்கார். கொஞ்சம் வயசானவர். வீட்டுக்கு வந்து சொல்லித் தர முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு சக்கரத்தின் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "வலது கையில நகம் இருக்கு. இடது கையில மட்டும் ஒட்ட வெட்டிருக்கீங்க. ஆரம்பிச்சுட்டீங்க போலயேங்கய்யா?"

ஒரு புத்தகத்தைப் பார்த்து நகம் வெட்டியிருந்தேன்.

நிபந்தனைகள் என்னுடையவை. செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணி. அந்த வேளையில் பனி ஏறும். அக்கம்பக்கத்தார் சன்னல்களை அடைத்துக்கொள்வார்கள். அவர் கொல்லைப்புறத்தில், பேரிக்காய் மரத்தை ஒட்டிய சிறு கதவு வழியாக வர வேண்டும். நான் கற்றுக்கொள்வதை ஒருவரிடமும் சொல்லக் கூடாது. "அதுக்கென்னங்க, சொல்ல மாட்டேன். வாக்கு" என்றார். இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாரே, காப்பாரா என்று அன்று எனக்குச் சிறு சந்தேகம் இருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் மனைவிக்கு அந்தக் கதவு பிடிக்கவில்லை. "ஏங்க, மீட்டர் பாக்க வர்றவரு முன்வாசல்ல வர்றாரு. பால்காரரு முன்வாசல்ல வர்றாரு. மாஸ்டரு மட்டும் கோழி மாதிரி கொல்லை வழியா நுழையணுமா?" என்றாள்.

"அக்கம்பக்கம் பேசும்."

"என்னன்னு பேசும்? படிக்கிறாருன்னுதான பேசும்? ஊருக்கெல்லாம் படி படின்னு சொன்ன ஆளுதான நீங்க?"

அவள் அவரை முதல் நாளே மாஸ்டர் என்று அழைக்கத் தொடங்கிவிட்டாள். காப்பியையும் எனக்கு முன் அவருக்கே வைப்பாள்.

ஒவ்வொரு பாடமும் ஒரே விதமாகத் தொடங்கும். என்னை இடது கையை நீட்டச் சொல்வார். கட்டைவிரலை விட்டு மற்ற நான்கு விரல்களின் நுனிகளையும் தம் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'பெரட்டு'. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எடுக்கும் கணக்கெடுப்புக்குப் பெரட்டு என்று பெயராம்.

"எங்கம்மா சொல்லும். நேத்து கொழுந்து எடுத்தவளா, சும்மா நின்னவளான்னு கங்காணி விரலைப் பாத்தே சொல்லிப்புடுவானாம். வாய் பொய் சொல்லும்ங்கய்யா, விரல் சொல்லாது. நீட்டுங்க. ம்... நேத்து நீங்க வாசிக்கல."

"வாசித்தேன்."

"பத்து நிமிசம் வாசிச்சிருப்பீங்க. அப்புறம் யாரோ வந்துட்டாங்க. வச்சுட்டீங்க."

அது உண்மை. வழக்கறிஞர் நண்பர் ஒருவர் முன்வாசலில் மணி அடித்திருந்தார்; நான் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

மூன்று நான்கு சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் செய்வதைக் கார்டு என்கிறார்கள். எனக்கு முதலில் சொல்லித் தந்தது ஈ மைனர். இரண்டே விரல்கள், அடுத்தடுத்த இரண்டு கம்பிகள். சிறு பிள்ளைகள் முதல் நாளே வாசித்துவிடுவார்களாம். எனக்குப் பதினேழு நாட்கள் ஆயின. எஃகுக் கம்பி விரல் நுனியில் கத்தியைப் போல் பதிந்தது. ஆறு கம்பிகளில் இரண்டு ஒலிக்கும். மற்றவை மரக்கட்டையைத் தட்டியதுபோல் 'டப்' என்னும். கம்பி இழுவிசையையும் அதிர்வையும் பற்றி நான் விளக்கத் தொடங்குவேன். குளிரில் உலோகம் சுருங்குவதால் சுருதி ஏறுகிறது என்று ஒருநாள் கணக்கோடு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரியாத்தான்யா இருக்கும். இப்ப அந்த முறுக்காணியைக் கொஞ்சம் எறக்குங்க" என்றார். அடுக்களையில் என் மனைவி சிரித்தது கேட்டது.

பிழை ஒலிக்கக் கூடாது என்பதற்காக நான் மெல்ல மீட்டுவேன். வலக்கை கம்பிகளைத் தொட்டும் தொடாமலும் போகும். அவருக்கு அது ஒன்றுதான் பொறுக்காது. மற்றபடி கோபமே அறியாத மனிதர்.

"ஐயா, தப்பு காதுல விழல."

"மெதுவாகப் பழகிக்கொண்டு பிறகு..."

"மெதுவா வாசிச்சா தப்பு மெதுவா பழகிப்போகுங்க. அப்புறம் எடுக்க முடியாது. சத்தமா தப்புங்க. இங்க நான் ஒருத்தன்தான இருக்கேன்."

"வெளியே கேட்கும்."

"கேக்கட்டுமேங்க. கேட்டா என்ன, ஆளனுப்பிப் பிடிச்சுட்டுப் போயிருவாங்களா?"

நான் ஒருநாளும் சத்தமாகத் தப்பவில்லை.

அவர் அப்படித் தப்பினார். தமக்கு நட்டம் வந்தாலும் தப்பினார். தேவாலயத் திருமணம் ஒன்றில் மணப்பெண் நடந்துவரும்போது வாசித்த பாட்டில் அவருக்கு ஒரு கார்டு பிசகியதாம். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் கையை உயர்த்தி, "எம்மேல தப்பு, மன்னிக்கணும், மொதல்ல இருந்து" என்று நிறுத்திவிட்டார். மணப்பெண் பாதி வழியில் நின்றாள். அதன் பிறகு அவரைத் திருமணங்களுக்கு அழைப்பதில்லை. இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். "அந்தப் புள்ளை வாழ்நாளெல்லாம் அந்தப் பாட்டை நெனைக்கும். தப்பா நெனைக்கப்படாதுல்ல" என்றார்.

கொட்டகையிலும் அதே கதைதான். ஒரு குடும்பம் சைக்கிள் எடுக்க வரும். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தே விடுவார்கள். இவர் ஓடிவந்து, "அந்தச் செகப்பு வண்டி வேணாம்மா, பின் பிரேக் கொஞ்சம் லூஸா கெடக்கு. எறக்கத்துல ஓட்டாதீங்க" என்பார். அவர்கள் இறங்கி அடுத்த கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அடுத்த கொட்டகையின் பிரேக்குகள் எப்படி இருந்தன என்று ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டாம் மாதத்தில் என் விரல் நுனிகளில் தோல் தடித்து, கம்பி பதிந்த கோடு கருமையாக நின்றுவிட்டது. என்னோடு காலையில் நடக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ஏரிக்கரையில் அதைக் கவனித்துவிட்டார். "கை என்ன சார் இப்படி இருக்கு? தோட்ட வேலையெல்லாம் நீங்களே பாக்கறீங்களா?"

"ரோஜாச் செடி. முள் குத்திவிட்டது" என்றேன்.

சொல்லி முடித்துத் திரும்பியபோது, நான்கு முழத் தூரத்தில் அவர் ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். அவர் குனிந்து காற்றடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பெரட்டு எடுத்தபோது விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, "முள்ளு நல்லா ஏறிருக்குங்கய்யா" என்றார். அவ்வளவுதான். அவர் குரலில் ஏளனம் இருந்ததா என்று வெகுநாள் தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் இடக்கையைக் கோட்டுப் பைக்குள் வைத்து நடக்கத் தொடங்கினேன். மலைக் குளிரில் அது ஒருவர் கண்ணையும் உறுத்தாது.

ஐந்தாம் மாதத்தில் கொட்டகை இருந்த மனையின் சொந்தக்காரர் அங்கே தங்கும் விடுதி கட்டப்போவதாகச் சொல்லி இடத்தைக் காலி செய்யச் சொன்னார். தொழிலும் வீடும் ஒரே நாளில் போகவிருந்தன. என் மனைவிதான் விசாரித்தாள்.

"எங்க போவீங்க மாஸ்டர்?"

"திருப்பூர்ல தங்கச்சி வீடு இருக்குங்கம்மா. மாப்பிள்ளை பனியன் கம்பெனியில சோலி வாங்கித் தர்றேங்கிறாரு."

"குளிர்லயே இருந்து பழகின ஆளு. அந்த வெக்கை ஒத்துக்குமா?"

"வெக்கையெல்லாம் பழகிரும்மா. நான் பாத்திருக்கேன், அந்த மெசினு சத்தம் ராவும் பகலும் ஓடும். தெருவுல நின்னாலும் அதான். அங்க வாசிச்சா நான் பண்ற தப்பு எனக்கே கேக்காது. அதான்..." காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அவர் முகத்தில் அச்சத்தை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

நான் ஆட்சிக் குழுவில் உறுப்பினராக இருந்த ஒரு பள்ளியில் இசை ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. வளாகத்தின் கீழ்ச்சரிவில் இரண்டறை வீடும் அதற்குண்டு. இந்தச் செய்தியை வீட்டில் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். என் மனைவி அவரை விண்ணப்பிக்கச் சொன்னாள். அவளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அவர் என்னிடம் இதுபற்றி ஒரு சொல் பேசவில்லை. நேர்காணலுக்கு முந்தைய பாடத்தில்கூட சி கார்டிலிருந்து ஜி-க்கு விரல் மாற்றுவதைப் பற்றி மட்டுமே பேசினார்.

அவர் சென்றபின் என் மனைவி கேட்டாள்: "நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லுவீங்கதான?"

"தகுதி இருந்தால் கிடைக்கும்."

"தகுதி இருக்கா இல்லையான்னு அங்க இருக்கிற நாலு பேர்ல உங்க ஒருத்தருக்குத்தாங்க தெரியும்."

நேர்காணல் காலை பத்து மணிக்கு. பள்ளித் தாளாளர், முதல்வராக இருந்த அம்மையார், என்னோடு நடக்கும் அந்த அதிகாரி, நான். என் இடக்கை கோட்டுப் பையில் இருந்தது. அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை அணிந்து, தோளில் கிட்டாரோடு, குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார். குல்லா இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. முன்தலை வழுக்கை என்று அன்றுதான் தெரிந்தது.

"சர்ட்டிபிகேட் ஏதாவது இருக்கா? கிரேடு எக்ஸாம்?" என்று தாளாளர் கேட்டார்.

"இல்லீங்க. எழுதல."

"நோட்டேஷன் பார்த்து வாசிப்பீங்களா?"

"தெரியாதுங்க. காதால கேட்டு வாசிப்பேன், காதால கேக்க வச்சுச் சொல்லித் தருவேன். தெரியாததைத் தெரியும்னு சொல்லப்படாது பாருங்க."

முதல்வர் அம்மையாருக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. வாசிக்கச் சொன்னார். வாசித்தார். நான் பனிக்குள் கேட்ட அதே பாட்டு. அந்த அறை குளிர்ந்திருந்தது. ஓரிடத்தில் விரல் வழுக்கியது. "தப்பு" என்றார், நாங்கள் நால்வரும் அமர்ந்திருக்க. மீண்டும் அந்த இடத்தைச் சரியாக வாசித்தார்.

அதிகாரி சிரித்துவிட்டார். "ஆண்டு விழாவில பேரண்ட்ஸ் முன்னாடியும் இப்படித்தான் கத்துவீங்களா?"

"தப்பினா சொல்லுவேங்க."

அம்மையார் குறுக்கிட்டார். "இவர் வாசிக்கிறது நல்லாத்தான் இருக்கு. சொல்லிக் கொடுக்க வருமான்னுதான் பார்க்கணும். உங்ககிட்ட புதுசா கத்துக்கிட்டவங்க யாராவது இருக்காங்களா?"

"பாட்டுக்குழுப் புள்ளைங்க இருக்காங்க. அதுக ஏற்கெனவே பாடுற புள்ளைங்க. ஒண்ணுமே தெரியாம ஆரம்பிச்சவருன்னா ஒரு பெரியவர் இருக்காருங்க. அறுபது தாண்டுனவரு. இப்ப அஞ்சு கார்டு வாசிக்கிறாரு."

"அறுபது தாண்டியா!" தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு அவரு? நம்ம ஊர்தானே? அவர் ஒரு லெட்டர் குடுத்தாப் போதுமே. சர்ட்டிபிகேட்டுக்குப் பதிலா அதையே வச்சுக்கலாம்."

அறையில் சுவர்க்கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். கையிலிருந்த குல்லாவைப் பார்த்தார். என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை. ஒரு கணம் திரும்பியிருந்தால்கூட, மற்ற மூவரில் யாருக்கேனும் புரிந்திருக்கும். அதற்காகத்தான் அவர் திரும்பவில்லை.

"அது சொல்ல முடியாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்படி ஒரு ஆளே இல்லைன்னு எடுத்துக்கலாமா?" என்றார் அதிகாரி.

"உங்க இஷ்டம்ங்க."

சைக்கிளின் பிரேக்கைப் பற்றிக்கூட உண்மையை மறைக்காத மனிதர், தம்மைப் பொய்யர் என்று ஊகிக்க இடம் கொடுத்துவிட்டு நின்றார். கோட்டுப் பைக்குள் என் கட்டைவிரல் மற்ற நான்கு நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தது. கையை எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். ஒரு சொல்லும் தேவையில்லை.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் மௌனமாகவேனும் இருந்திருக்கலாம். "சான்றிதழ் இல்லாமல் நியமித்தால் அது முன்னுதாரணமாகிவிடும்" என்றேன். என் குரல் தெளிவாகவும் நிதானமாகவும் இருந்தது. அம்மையார் பேனாவை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னீங்க?"

"விதிமுறையைச் சொன்னேன்."

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று பிற்பகல் கொல்லைக் கதவுக்குப் போய், அதன் தாழ்ப்பாளை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் வரமாட்டார் என்று எண்ணினேன்; வரக்கூடாது என்றும் விரும்பினேன். சரியாக மூன்று மணிக்கு வந்தார். குல்லா தலையில் இருந்தது. என் மனைவி முன்வாசலைத் திறந்து வைத்திருந்தாள். அவர் வழக்கம்போல் கொல்லை வழியாகவே வந்தார்.

"பெரட்டு எடுக்கலாமாங்கய்யா?"

கையை நீட்டினேன். நான்கு விரல்களையும் அழுத்திப் பார்த்தார். "நல்லா காய்ச்சிருச்சு. இனிமே வலிக்காது" என்றார். "திங்கக்கிழமை வெள்ளனே பஸ்ஸுங்க. அதுக்குள்ள எஃப் கார்டு ஒண்ணைக் காட்டிட்டுப் போயிர்றேன். எல்லாரும் விட்டுட்டு ஓடுறது இந்த எஃப்லதான்."

ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் குறுக்கே கிடத்தி அழுத்த வேண்டும். எனக்கு ஒரு கம்பியும் ஒலிக்கவில்லை. அவர் என் விரலைச் சற்றே சாய்த்து வைத்தார். எலும்புப் பக்கமாக அழுத்தச் சொன்னார். முழங்கையை உடலோடு ஒட்டச் சொன்னார். ஓர் ஆசிரியர் தம் மாணவனுக்குச் செய்ய வேண்டிய அனைத்தையும் குறைவின்றிச் செய்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் எஃப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன்.

கடைசியில் அவர் கிட்டாரை வாங்கி அந்தப் பாட்டை வாசித்தார். மூன்றாம் அடியில் ஒரு சுரம் பிசகியது. மிகச் சிறிய பிசகு. ஆறு மாதம் முன்பு எனக்குக் கேட்டிருக்காது. இப்போது தெளிவாகக் கேட்டது. அடுக்களையில் என் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அவர் சொல்லவில்லை. உதடு மட்டும் ஒருமுறை பிரிந்து மூடியது. பிசகைக் கடந்து மெல்ல வாசித்துப் பாட்டை முடித்தார். கிட்டாரை என் மடியில் வைத்தார்.

நானேனும் 'தப்பு' என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதைச் சொல்லும் தகுதி எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் "நன்றாக இருந்தது" என்றேன்.

"வர்றேங்கம்மா" என்று அடுக்களையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பேரிக்காய் மரத்தின் வழியே போனார். "மாஸ்டர்" என்று கூப்பிட நினைத்து நான் எழுந்தேன். ஒருமுறைகூடச் சொல்லிப் பழகாத சொல், சமயத்தில் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து என் மனைவி அவரோடு தொலைபேசியில் பேசினாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் எனக்கும் கேட்டது. "கிட்டார் வாசிக்கிறீங்களா மாஸ்டர்?" என்று இரண்டு முறை உரக்கக் கேட்டாள். "கெடக்குங்கம்மா, கட்டிலுக்கு அடியில கெடக்கு" என்று பதில் வந்தது. அதன் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

எஃப் எனக்கு வரவில்லை. நாள்தோறும் மூன்று மணிக்குக் கதவடைத்துச் சற்று நேரம் முயன்றேன், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு விட்டுவிட்டேன். இதை எழுதுவதும், அவருக்கு ஒரு பயனும் இல்லாத காலத்தில், ஒருவருக்கும் கேட்காதபடி மெல்ல வாசிப்பதுதான் என்று எனக்குத் தெரியும். விரல் நுனிகளில் தடித்திருந்த தோல் ஒவ்வொன்றாக, வெங்காயச் சருகு போல, உரிந்து விழுந்தது. அடியிலிருந்து வந்த தோல் மிருதுவாக இருக்கிறது. கோடு எதுவும் இல்லை.

சென்ற வாரம் ஆட்சிக் குழு மீண்டும் கூடியது. சான்றிதழோடு வந்த இசை ஆசிரியர் பணியில் நிலைத்துவிட்டதாக அறிக்கை வாசித்தார்கள். தாளாளர் எனக்குத் தேநீர் நீட்டினார். கோட்டுப் பையிலிருந்து இடக்கையையும் எடுத்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். என் விரல்களை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவற்றில் ஒன்றும் இல்லை.